டைம் அவுட்டில் தண்ணீர் கொண்டு போனவன்

கிரிக்கெட் மைதானத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னதுமே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ எல்லா மேட்சும் ஓசியிலயே பார்த்திருப்பீங்க?" பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் தெருக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் என்மேல் வயிற்றெரிச்சல் உண்டு. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் பார்த்த பந்துகளைவிடத் துவைக்கப் போட்ட துண்டுகள் அதிகம். வெளியே முப்பதாயிரம் பேர் எழுந்து கத்துவார்கள். நான் உள்ளே ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பேன். சிக்ஸரா, விக்கெட்டா என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன்.

இப்போது என் வேலையில் இருக்கும் பிள்ளைகள் சமீபத்தில் வீட்டுக்கு வந்தார்கள். ஆட்டக்காரர்களின் போன்களை வாங்கி வைக்கும் மரப்பெட்டி போய்விட்டதாம். முகத்தைக் காட்டினால் திறக்கிற லாக்கர் வந்திருக்கிறதாம். "அண்ணா, அந்தப் பெட்டிய வச்சிக்கிட்டு எப்படி சமாளிச்சீங்க? சும்மா ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். பெட்டியைப் பற்றி எழுதினால் நஞ்சுண்டப்பா சாரைப் பற்றி எழுத வேண்டும். சாரைப் பற்றி எழுதிவிட்டு லெஸ்டரை விட்டுவிட முடியாது. அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

வேலை கற்றுக்கொண்ட கதை சுருக்கமானது. மழை வந்தால் பிட்ச்சுக்குத் தார்ப்பாய் இழுக்கிற கூட்டத்தில் ஒருவனாகச் சேர்ந்தேன். பிறகு துணி துவைக்கும் பகுதி. அதன்பின் வெளியூர் அணிகளின் டிரெஸ்ஸிங் ரூமுக்கு அட்டெண்டர். ரிட்டயர் ஆகும்வரை அந்த அறைதான். என்னை அங்கே போட்டவர் நஞ்சுண்டப்பா சார்.

சார் மைசூர்க்காரர். எங்கள் மைதானத்துக்கு வரும் அணிகளுக்கு மேனேஜராக இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை எப்போதும் பையில் இருக்கும். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அவர் உட்காரமாட்டார். எத்தனை மணி நேரமானாலும் கதவோரமாக நிற்பார். ஒருமுறை நான் களைத்துப்போய் ஒரு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அருகில் வந்து, "ஆண்டனி, இது அவங்க மனெ. நாம வாசல்ல நிக்கறவங்க" என்றார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவது அவர் வழக்கம்; மனெ என்றால் வீடு. அதற்குப் பிறகு நானும் அங்கே உட்கார்ந்ததில்லை.

பெட்டிக்கு வருகிறேன். சூதாட்டக்காரர்கள் யாரும் ஆட்டக்காரர்களோடு பேசிவிடக் கூடாது என்பதற்காக, ஆட்டம் தொடங்குமுன் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட வேண்டும். கண்காணிக்க ஓர் அதிகாரி வாசலில் இருப்பார். அணி மேனேஜரின் போன் ஒன்றுக்கு மட்டும்தான் அனுமதி. மற்ற மேனேஜர்கள் போன்களை ஒரு துணிப்பையில் வாரிப் போடுவார்கள். சார் அப்படிச் செய்யமாட்டார். உள்ளே பச்சைத் துணி ஒட்டி, தடுப்பு தடுப்பாகப் பிரித்த மரப்பெட்டி ஒன்று செய்து வைத்திருந்தார். ஒவ்வொருவரிடமிருந்தும் இரண்டு கையாலும் வாங்குவார், பெயர் சொல்லி நன்றி சொல்வார், திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார். உள்ளே ஏதாவது போன் அதிர்ந்தாலும் திருப்பிப் பார்க்கமாட்டார். "வீட்டுலேர்ந்து யார் கூப்பிடறாங்கன்னு நமக்கு எதுக்கு?" என்பார். வீட்டில் அவசரம் என்றால் சாரின் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே சொல்லியிருப்பார்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் பல நாட்டு கிளப் அணிகள் விளையாடிய ஒரு தொடருக்குக் கரீபியன் தீவிலிருந்து ஓர் அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் அந்த ஊர்க்காரர்கள், முதலாளிகள் பெங்களூர்க்காரர்கள். சாரின் கண்டிப்பைக் கேள்விப்பட்டு அந்தத் தொடருக்கு அவரையே அணி மேனேஜராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அப்படி ஓர் அணியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதலில் பாட்டுப் பெட்டி வரும், அதன்பின் அவர்கள் வருவார்கள். நம் மட்டன் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் காரம் போதவில்லை என்று ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சாஸை ஊற்றிக்கொள்வார்கள். அதுவரை இந்த ஊரில் காரம் போதவில்லை என்று சொன்ன வெள்ளைக்காரனும் இல்லை, கறுப்பனும் இல்லை, எனக்கே பொறுக்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஸ்டெல்லா போட்ட பச்சை மிளகாய் ஊறுகாயைக் கொண்டுபோய் வைத்தேன். அதற்கப்புறம் அந்தச் சாஸ் பாட்டிலை யாரும் திறக்கவில்லை. ஸ்டெல்லா என் மனைவி. அவள் இதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அணியில் லெஸ்டர் மாற்று ஆட்டக்காரன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். வேகப்பந்து போடுவான்; ஆனால் பதினொரு பேரில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆடுகிறவனுக்கு வெளியே வேலை, ஆடாதவனுக்குத்தான் மற்ற எல்லா வேலையும்: தண்ணீர் கொண்டு போவது, கிளவுஸ் மாற்றிக் கொடுப்பது. வேலை இல்லாதபோது என்னோடு நின்று துண்டு மடிப்பான். அவன் பேசுவது இங்கிலீஷ்தான், பாட்டுப் போல இழுத்துப் பேசுவான். எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

"எங்க அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர், அங்கிள். போன மாசம் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. நான் வரலேன்னு சொன்னேன். அடிக்க வந்துட்டார், நல்லா இருக்கிற கையால." சொல்லிவிட்டுச் சிரித்தான். "நீ தண்ணிதான் தூக்கிட்டுப் போனாலும் சரி, அந்த டிரெஸ்ஸோட உன்னை ஒரு தடவை டிவியில பார்க்கணும்னார்."

"ஆடுவே. ஒரு மேட்சாவது குடுப்பாங்க" என்றேன்.

"குடுத்தா சந்தோஷம். இல்லேன்னா தண்ணி இருக்கு" என்றான்.

எங்கள் ஊரில் அவர்களுக்குக் கடைசி ஆட்டம். சாயங்காலம் தொடங்கியது. இங்கே சாயங்காலமென்றால் அவர்கள் தீவில் அப்போதுதான் விடியும். முதலில் எங்கள் ஆட்கள் மட்டை பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் என்று எழுதுகிறேன் பாருங்கள். எந்த அணி என் அறையில் இருந்ததோ அது என் அணி. அன்றும் லெஸ்டருக்கு இடமில்லை. பாதி ஆட்டம் முடிந்து எல்லோரும் உள்ளே வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாரின் போன் அதிர்ந்தது.

சார் நடைபாதைக்கு வந்தார். அங்கே நான் வாளியில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தேன். அவருக்கு இடது காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது. பேசியது லெஸ்டரின் அக்கா மார்வா. ராத்திரி அப்பாவுக்கு மறுபடியும் வாதம் வந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, இனி சில மணி நேரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே, டிவிக்கு எதிரே கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை.

"தம்பி விளையாடுறானா சார்?" என்று கேட்டாள்.

சார் கொஞ்சம் தயங்கி, "இன்று அவர் மாற்று ஆட்டக்காரர், அம்மா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், தம்பியக் கூப்பிட்டு வீடியோ கால் போட்டுடலாம் சார்" என்றேன். சார் அதை அப்படியே அவளிடம் கேட்டார்.

"வேண்டாம். போனைப் பார்த்ததும் அவன் அழுவான். அப்பா கடைசியா அதையா பார்க்கணும்? ஆட்டம் முடியறவரைக்கும் அவன்கிட்ட சொல்லாதீங்க. அப்பா நல்லா இருக்கும்போதே எங்ககிட்ட சொல்லி வச்சது இது. அவன் அந்த டிரெஸ்ஸோட கிரவுண்டுல நிக்கறதை எப்படியாவது ஒரு தடவை காட்ட முடியுமா சார்?"

சார் என்னைப் பார்த்தார். இருபது ஓவருக்குள் இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தி டைம் அவுட் கொடுப்பார்கள். அப்போது தண்ணீர் உள்ளே போகும். யார் கொண்டுபோவது என்று சொல்கிறவன் நான்தான். நான் தலையாட்டினேன்.

"ஆட்டம் நடுவில் நிற்கும், அம்மா. அப்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடுவார். அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் தம்பி" என்றார் சார். அவர் யாருக்கும் எதையும் வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை.

அடுத்த பாதியில் எங்கள் அணி பந்து போட்டது. லெஸ்டரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ரெண்டு டைம் அவுட்டுக்கும் நீதான்" என்றேன். "நான் மட்டுமா?" என்றான். "உன் கால்தான் சீக்கிரம் ஓடுது" என்று சொல்லிச் சமாளித்தேன். வழக்கம்போல மேலே மாட்டுகிற பச்சை பிப்பை எடுத்தான். ஆட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளே போகும்போது அது கட்டாயம். அணியின் நிறமும் முதுகில் இருக்கும் பெயரும் அதில் மறைந்துவிடும்.

"பிப் பேடா, வேண்டாம். அப்படியே போகட்டும்" என்றார் சார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருமுறை பிப் நாடாவைச் சரியாகக் கட்டாததற்காக என்னோடு ஒரு வாரம் பேசாமலே இருந்தவர் அவர். எல்லைக் கோட்டருகே இருந்த நான்காவது அம்பயர் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். சார் அவரிடம் போய், "என் தப்பு சார். ஃபைன் என் பேர்ல போடுங்க" என்றார். அதற்குள் லெஸ்டர் பாதி மைதானம் போய்விட்டான்.

எங்கள் அறையில் பெரிய டிவி ஒன்று உண்டு. மைதானத்து கேமராக்களிலிருந்து நேராக வருகிற படம் அது. ஆட்டம் நின்றாலும் படம் நிற்காது. நானும் சாரும் அதன் முன்னால் நின்றோம். அணி வட்டமாகக் கூடியது. லெஸ்டர் ஒவ்வொருவருக்கும் பாட்டில் கொடுத்தான், காப்டனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். கேமராவைத் தோளில் வைத்திருந்தவர் வட்டத்தைச் சுற்றி வந்தார். ஒரு நிமிடம் திரை முழுக்க லெஸ்டரின் முகம். மஞ்சளும் கருநீலமுமாக அந்தச் சட்டை, வியர்வை வழிகிற நெற்றி, முன்பல் இடைவெளி எல்லாம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டேன்.

"பார்த்திருப்பார், ஆண்டனி" என்றார் சார். கைக்குட்டை கையில் இருந்தது.

இரண்டாவது டைம் அவுட்டுக்கு முன்னால் லெஸ்டரிடம், "கேமரா பக்கத்துல வந்தா அப்பாவுக்கு ஒரு கை காட்டு" என்றேன். சந்தேகப்படவில்லை. போனான். கேமரா வந்தபோது நெஞ்சில் கையை வைத்து, பிறகு அதை நேராகத் திரைக்குள் நீட்டுகிறவன் போல அசைத்தான். நான் டிவிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கை எனக்கே நீட்டியது போல இருந்தது.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். பாட்டுப் பெட்டி அலறியது. சார் நடைபாதைக்குப் போய் மார்வாவைக் கூப்பிட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை, நல்ல காதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். திரும்பி வந்து ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் சார் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். சாவுச் செய்தி என்பது புரிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

லெஸ்டரை மசாஜ் மேஜை இருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. யாரோ போய்ப் பாட்டை நிறுத்தினார்கள்.

நான் உள்ளே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அப்பா உன்னைப் பார்த்துட்டார். அதுக்குத்தான் உன்னை அனுப்பினோம். நான் என் கண்ணால டிவியில பார்த்தேன். உன் முகம் இவ்வளவு பெரிசா வந்துது. நீ கை காட்டினதும் வந்துது" என்றேன்.

"பார்த்தாரா?" என்றான்.

"பார்த்தார்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று இரவே தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சார்தான் அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். போகுமுன் லெஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் அவனிடமிருந்து செய்தி வரும். "அன்று என்னை அனுப்பியதற்கு நன்றி, அங்கிள்." எல்லா வருடமும் அதே வரி. எத்தனையோ பேருக்கு வேலை செய்திருக்கிறேன். உருப்படியாக ஒன்று செய்தேன் என்று மனதில் வைத்திருந்தது அதை மட்டும்தான். ஆலயத்தில் ஃபாதரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ரிட்டயர் ஆன வருடம், கையில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து முதல் தடவையாக எங்கள் மைதானத்து ஆட்டம் ஒன்றை டிவியில் பார்த்தேன். அதுவரை வீட்டு டிவி ஸ்டெல்லாவின் சீரியலுக்கு. நாள் முழுக்கக் கிரிக்கெட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன் வீட்டிலும் அதையா பார்ப்பான்? டைம் அவுட் வந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆள் கிளம்புவதற்குள் திரையில் ஒரு வீட்டுச் சுவருக்கு யாரோ பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், சேனல் மாத்துனியா?" என்று கத்தினேன்.

"நா எங்கங்க மாத்துனேன்? டைம் அவுட்டுன்னா அட்வர்டைஸ்மெண்ட்தான் போடுவான். எப்பவும் இப்படித்தான். உங்களுக்கு எங்க தெரியும், உள்ளயே இருந்தவரு" என்றாள் ஸ்டெல்லா.

பெயின்டுக்குப் பிறகு பிஸ்கட், அதற்குப் பிறகு ஏதோ இன்சூரன்ஸ். எல்லாம் முடிந்து மைதானம் வந்தபோது தண்ணீர் கொண்டு போனவன் வெளியே போய்விட்டிருந்தான். எங்கள் அறையில் வந்தது மைதானத்துக்குள் மட்டும் ஓடுகிற படம். வீடுகளுக்குப் போனது வேறு. ஊருக்கெல்லாம் தெரிந்தது, அந்த அறைக்குள்ளேயே காலம் தள்ளிய எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளையிடம் "பார்த்தார்" என்று அடித்துச் சொன்னேனே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சாரிடம் போய்ச் சொல்லி அழலாம் என்றால், அதற்கு முந்தின வருடமே மைசூரில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம்.

லெஸ்டருக்கு நான் எழுதவில்லை. வருடப் பிறப்புச் செய்தி வந்தால், "கர்த்தர் ஆசீர்வதிப்பாராக" என்று மட்டும் பதில் போடுவேன்.

இந்த வருடம் அவனே வந்துவிட்டான். ஆட்டத்தை விட்டுவிட்டு இப்போது அதே அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளனாக இருக்கிறான். பயிற்சி முகாமுக்காகப் பெங்களூருக்கு வந்தவன், மைதானத்து ஆட்களிடம் வழி கேட்டு ஆட்டோவில் வீட்டு வாசலில் இறங்கினான். தாடியில் நரை. சிரித்தால் அதே பல் இடைவெளி. ஸ்டெல்லா மட்டன் கட்லெட் போட்டாள், ஊறுகாய் பாட்டிலையே எதிரில் வைத்தாள். வந்தவருக்குப் பிடிக்குமே என்று கிரிக்கெட்டையும் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு அவன் முகத்தைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. டைம் அவுட்டுக்கு அம்பயர் கையைக் காட்டினார். நான் எழுந்து ரிமோட்டைத் தேடினேன்.

"விடுங்க அங்கிள். ஓடட்டும்" என்றான். என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "எனக்குத் தெரியும். அன்னைக்கு ஏர்போர்ட் போற வழியிலயே சார் சொல்லிட்டார். உன் அக்கா சொல்லி நீ தெரிஞ்சுக்க வேண்டாம், நானே சொல்லிடறேன்னார். ஆண்டனிக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவன் பொய் சொல்லலே, பார்த்ததைத்தான் சொன்னான்னார்."

சார் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடமும் அந்தப் பாரத்தை ஒருவர் சாகும்வரையும் இன்னொருவன் இன்றுவரையும் எனக்காகச் சுமந்திருக்கிறார்கள்.

"அப்போ அப்பா..." என்றேன்.

லெஸ்டர் டிவியைப் பார்த்தபடியே சொன்னான். "ஆட்டம் நிக்கும்போது பாருங்கன்னு சார் சொன்னார் இல்லையா? அக்கா அதை அப்பா காதுல சொல்லியிருக்கா. ஆட்டம் நின்னுது. விளம்பரம் வந்துது. இது முடிஞ்சதும் அவன் வருவான் அப்பான்னா. அடுத்த விளம்பரம் வந்துது. இது முடிஞ்சதும்னா. எங்க அப்பாவுக்கு விளம்பரம்னாலே ஆகாது அங்கிள். வந்தா எழுந்து வெளியே போயிடுவார். அன்னைக்கு கண் இமைக்காம ஒண்ணு விடாம பார்த்தாராம். ரெண்டு தடவையும்."

திரையில் அப்போது ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே நூடுல்ஸ் சாப்பிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவன் ஊருக்குப் போய்விட்டான். இப்போதெல்லாம் வீட்டில் மேட்ச் ஓடும்போது டைம் அவுட் வந்தால் ஸ்டெல்லா டீ போட எழுந்து போவாள். நான் எழுந்திருப்பதில்லை. எல்லா விளம்பரமும் முடியும்வரை பார்ப்பேன்.